அருமைராசாவின் கல்வெட்டு

அருமைராசா: ...எழுதினியோ? "கொழும்பின் முதல் ரொக் அன்ட் ரோல் பியானோக் கலைஞர்."

குணேஸ்வரி: செத்தாப் பிறகு அடிச்சுக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை உயிரோடை இருந்து மனுசிக்குச் சொல்லி எழுதுவிக்கிற முதல் ஆள் எண்டும் போடட்டோ?

அருமைராசா: விமலநாதன்ரை முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்குக் குடுத்த புத்தகத்தைப் பாத்தனிதானே? கோயில்லை மணியடிச்சவனை "இசைவேந்தர்" எண்டு போட்டிருக்கு. எங்கடை பிள்ளையள் என்னை "டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர்" எண்டுதான் போடுவினம்.

குணேஸ்வரி: பொய்யே? இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருசம் ஏயார்போட்டிலை அதுதானே செய்தனீங்கள்.

அருமைராசா: அதை விடு... அம்பத்தெட்டாம் ஆண்டு, காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல். கதிரையை உதைச்சுத் தள்ளிப்போட்டு நிண்டு வாசிக்க, வெள்ளைக்காரியள் மேசையிலை ஏறி...

குணேஸ்வரி: கதிரை போய் மனேச்சரின்ரை காலிலை விழுந்தது?

அருமைராசா: அதை எழுதாதை! "கருத்து வேறுபாட்டால் விலகினார்."

குணேஸ்வரி: பேந்து பகலிலை கந்தோர் கிளாக்கர், சனிக்கிழமையிலை பறங்கியளின்ரை கலியாண வீடு. நீங்கள் முழங்கையாலை அடிக்க, கலியாணப் பொம்பிளையின்ரை தாய் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனவ...

அருமைராசா: அந்தச் சனத்துக்கு விளங்கேல்லை.

குணேஸ்வரி: இஞ்சை கார்டெரியிலை, அந்தப் பிள்ளை பாக்கிற இடத்திலை இருக்கிற குஞ்சுகளுக்கு நல்லா விளங்குது. வெள்ளிக்கிழமை நீங்கள் போய் வாசிச்சா, மத்தியான நித்திரை இல்லாமல் எல்லாம் குதிக்குதுகள். டீச்சர் என்னையெல்லோ முறைக்கிறா.

அருமைராசா: நக்கலை விட்டிட்டு எழுது. "லண்டன் இசைத்தட்டுக் கம்பனி கடிதம் போட்டு அழைத்தும், குடும்பத்துக்காகப் போக மறுத்தார்."

குணேஸ்வரி: "லண்டன் இசைத்தட்டுக் கம்பனி கடிதம்..."

அருமைராசா: என்ன, பேனை நிண்டிட்டுது?

குணேஸ்வரி: உங்களுக்கு... எப்பிடித் தெரியும்? அந்தக் கடிதம் உங்கடை கைக்கு வரேல்லையே.

அருமைராசா: ஓ... அப்ப உன்ரை கைக்கு வந்ததோ?

குணேஸ்வரி: அடுப்பிலை போட்டனான். மூத்தவள் அப்ப வயித்திலை. போனா நீங்கள் திரும்பி வரமாட்டியள் எண்டு பயம்... நாப்பத்தாறு வருசமா நெஞ்சுக்குள்ளை கிடந்து அரிக்குதப்பா. உங்கடை வாழ்க்கையை நான்தான் கெடுத்தனான். அதுக்குத்தான் சென்ட் லோரன்ட் பாக்டரியிலை ரெண்டு சிப்ட் அடிச்சு, வீட்டிலை நிக்கிற அந்தப் பழைய பியானோவை வாங்கித் தந்தனான்.

அருமைராசா: சும்மா அழாதை... அந்த வரியை வெட்டு. லண்டன் கடிதத்திலை இலங்கை முத்திரை ஒட்டியிருந்ததைக்கூட நீ பாக்கேல்லையே? கந்தோர் டைப்ரைட்டரிலை நான்தான் அடிச்சுத் தபால்லை போட்டனான். ஒருக்காலாவது "போகாதேங்கோ" எண்டு சொல்லுவாய் எண்டு... ரெண்டு மாசம் உன்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தனான்.