தவமணி வீட்டுக் காப்பி

விருந்தோம்பல், விருந்தோம்பல்னு இவ்வளவு நேரம் பேசினேன். எல்லாரும் நல்லாத் தலையாட்டுனீங்க. ஆனா எனக்கு அந்தத் தலையாட்டு மேல கொஞ்சம் சந்தேகம். அதனால ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. கதைன்னா கதை இல்ல... நான் மாட்டிக்கிட்ட கதை.

அப்போ கரிசக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன சபையில நான் உபதேசியார். ஊர்ல பாதிப் பேருக்கு தீப்பெட்டி ஆபீஸ்லதான் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு, முறை வச்சு. ஜெபம் முடிஞ்சா காப்பி. முதல்ல வெறும் காப்பிதான் இருந்துச்சு. ஒரு வீட்டுல வடை போட்டாங்க. அடுத்த வீடு சும்மா விடுமா? வடையும் கேசரியும்! ஜெபம் சுருங்கிச்சு, தட்டு பெருசாச்சு. சிரிக்கிறீங்க... இங்கயும் அப்படித்தானோ?

அந்த ஊருக்குப் புதுசா ஒரு அம்மா வந்தாங்க. பேரு தவமணி. தனியா ஒரு வாடகை வீடு. புருஷன் வடக்க லாரி ஓட்டுறாராம். ஞாயிறு தவறாம கோயிலுக்கு வருவாங்க, கடைசி வரிசையில உக்காருவாங்க, ஆசீர்வாதம் சொன்னதும் போயிருவாங்க. அவங்க வீட்டு முறை வந்துச்சு. "இந்த வாரம் வேண்டாம் ஐயா, வெள்ளையடிக்கிறோம்." சரின்னு விட்டோம். மறுபடியும் முறை வந்துச்சு. "காய்ச்சல் ஐயா." காய்ச்சல்காரி சனிக்கிழமை வேலைக்குப் போறா!

விடுவோமா? எங்க பாக்கியசீலி அக்கா வந்து காதுல ஓதுனாங்க. "ஐயா, அவ வீட்டுல என்னமோ இருக்கு. அவ கதவைத் தொறந்து வச்சு நான் பாத்ததே இல்ல."

"என்னம்மா இருக்கும்?"

"லாரிக்காரன் பொண்டாட்டி ஐயா... என்ன வேணா இருக்கும்!"

நான் என்ன சொல்லியிருக்கணும்? "போம்மா, புறங்கூறாதே"ன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்ல. அடுத்த ஞாயிறு அவங்களைக் கேக்காமலே அறிவிப்பு வாசிச்சுட்டேன். "வருகிற வெள்ளி, வீட்டு ஜெபம், சகோதரி தவமணி இல்லத்தில்." கடைசி வரிசையில அந்த முகம் வெளிறிப்போச்சு. நான் பாத்தேன். பாத்துட்டும் அடுத்த அறிவிப்புக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேர் போனோம். வழக்கமா எட்டுப் பேர்தான் வருவாங்க. அன்னைக்கு எதுக்கு பதினெட்டு? ஜெபம் பண்ணவா போனோம்? வேவு பாக்கப் போனோம்!

கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள போய் எல்லாரும் கண்ணை மேய விட்டோம். ஒரு பாய். ஒரு அடுப்பு. ஆணியில ரெண்டு சேலை. அவ்வளவுதான். ஒளிக்கிறதுக்கு அந்த வீட்டுல இடமே இல்ல. நான் பைபிளைத் தொறந்தேன். அந்த அம்மா சொன்னாங்க: "ஐயா, ஜெபம் அப்புறம். முதல்ல காப்பி குடிங்க."

"முடிஞ்சப்புறம் குடிக்கலாம்மா."

"இல்ல ஐயா. இப்பவே."

ஆள் நகரல. "முன்ன இருந்த ஊர்லயும் என் வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்தாங்க. பதினாலு பேர். நல்லா உருகி ஜெபம் பண்ணுனாங்க. காப்பியைக் கொண்டுவந்து வச்சேன். 'இன்னைக்கு உபவாசம்மா'ன்னு ஒருத்தர் எழுந்தார். பதினாலு பேருக்கும் உபவாசம் வந்துருச்சு ஐயா. அப்புறம் அடுத்த தெருவுல போய் பலகாரம் சாப்பிட்டாங்க. நான் எந்தச் சாதின்னு யாரோ சொல்லியிருக்காங்க. பதினாலு காப்பியையும் வாசல்ல ஊத்தினேன். இன்னொரு தடவை என்னால ஊத்த முடியாது. குடிக்கிறதுன்னா குடிச்சுட்டு ஜெபம் பண்ணுங்க. இல்லன்னா... இப்படியே போயிருங்க."

கேட்டீங்களா? நாங்க அவங்களைச் சந்தேகப்பட்டது மூணு மாசம். அவங்க எங்களைச் சந்தேகப்பட்டதும் மூணு மாசம். இதுல யாரோட சந்தேகம் நியாயம்?

காப்பி வந்துச்சு. பால் இல்ல, பலகாரம் இல்ல. கருப்பட்டிக் காப்பி. முதல் தம்ளர் தர்மசீலன் அண்ணாச்சிகிட்ட நீட்டுனாங்க. எங்க கமிட்டியில மூத்தவர். இங்கதான் வந்துச்சு வினை! அண்ணாச்சி முப்பது வருஷமா வெள்ளிக்கிழமை உபவாசம். பொய்யில்ல, மெய்யான உபவாசம். பச்சைத் தண்ணி பல்லுல படாது. ஊருக்கே தெரியும். ஆனா அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

அண்ணாச்சி வாயைத் தொறந்தார். "அம்மா... நான் இன்னைக்கு..."

அந்த அம்மா தம்ளரை மெதுவா பின்னுக்கு இழுத்தாங்க.

அண்ணாச்சி டப்புன்னு அந்தத் தம்ளரைப் பிடிச்சார். "நான் இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலம்மா. கொடு!" ஒரே மூச்சுல குடிச்சார். நாக்கு வெந்திருக்கும். "இன்னொரு தம்ளர் இருக்கா?"

முப்பது வருஷ உபவாசம்... ஒரு தம்ளர் காப்பியில போச்சு. போச்சுன்னா சொல்றீங்க? அன்னைக்குத்தான் அது கர்த்தருக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு நான் சொல்றேன்!

அடுத்த தம்ளர் எனக்கு. எனக்கு உபவாசம் இல்ல. மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் சொல்றேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்... என் கை ஒரு நொடி நின்னுச்சு. ஏன் நின்னுச்சு? சூடா இருக்கும்னா நின்னுச்சு? குடிச்சேன். ஆனா அந்தக் கையை நான் இப்பவும் நம்புறதில்ல.

பிரியமானவங்களே, வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போடுறது பெரிய காரியம்தான். ஆனா அது சுலபம்... கொடுக்கிற கை நம்ம கை, மேல இருக்கும். அடுத்தவன் வீட்டுப் பாயில உக்காந்து, அவன் கொடுக்கிறதை வாங்கிக் குடிக்கிறதுலதான் நம்ம விசுவாசத்தோட சாயம் தெரியும். ஆண்டவர் கிணத்தடியில, யூதர் யாரும் கைநீட்டி வாங்காத அந்தச் சமாரியா பொண்ணுக்குத் தண்ணி கொடுக்கலையே... தண்ணி கேட்டாரே! பால் இல்லாத காப்பியை நீட்டுறதுக்கு அந்த அம்மாவுக்கு இருந்த தைரியம், வாங்கிக்கிறதுக்கு நமக்கு இருக்கா?

அடுத்த வாரம் நீங்க ஒரு வீட்டுக்குப் போவீங்க. தம்ளரை நீட்டுவாங்க. "வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்"னு வாய் தானா சொல்லும். அந்த வாயை அங்கயே பிடிச்சு நிறுத்துங்க. நிறுத்திக் கேளுங்க...

"ஏ வாயே, எல்லா வீட்டுலயும் இதையேதான் சொல்லுவியா?"