உதவி கிடைக்காத தெரு

— ஸ்டூல் வேண்டாம்ணே. இன்னிக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

— அதெப்படி டீச்சர், இத்தனை நாளும் உக்காந்து கேட்டவங்க இன்னிக்கு மட்டும் நின்னுட்டுப் போறதா? இந்தாம்மா, அந்த ஸ்டூலைத் துடைச்சுப் போடு. பதிலெல்லாம் தயாரா வச்சிருக்கேன். பள்ளிக்கூடப் பை தைக்கிறது கொஞ்சம், ஜிப்பு மாத்தறது கொஞ்சம். வியாபாரம் எப்படின்னு கேட்டீங்கன்னா, பரவாயில்ல.

— உங்களுக்கு எப்பத்தான் பரவாயில்லாம இருந்துச்சு? நீங்க உக்காருங்க கண்ணு. எங்க வீட்டுக்காரரு பேச ஆரம்பிச்சா உங்களுக்குக் கால்தான் வலிக்கும்.

— அண்ணே, நான் டீச்சர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ற பொண்ணு, அவ்வளவுதான்.

— சரி விடுங்க. கேள்வி கேட்டா டீச்சர்தான். சொல்லுங்க, புதுத் தையல் மெஷின் வருதா? பயிற்சின்னாங்களே, அது எப்ப?

— அதைத்தாண்ணே சொல்ல வந்தேன். வராது.

— லேட்டாகுமா?

— வரவே வராதுண்ணே. ஆரம்பத்துல ரெண்டு கடைத்தெருவை எடுத்துக்கிட்டு சீட்டுப் போட்டுப் பாத்தோம். ஒரு தெருவுக்கு மெஷின், பயிற்சி எல்லாம் உண்டு. இன்னொரு தெருவுக்கு ஒண்ணும் கிடையாது, என்னோட கேள்வி மட்டும்தான். கடைங்க உதவியால நடக்குதா, தானா நடக்குதான்னு அப்பத்தான் தெரியும்னாங்க. உங்க தெருவுக்கு ரெண்டாவது சீட்டு விழுந்துச்சு.

— ஒரு பிள்ளைக்குச் சோத்தைப் போட்டுட்டு, இன்னொரு பிள்ளையோட வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கீங்க.

— அப்படித்தாங்க்கா. அண்ணன் ஒவ்வொரு தடவையும் மெஷின் எப்பன்னு கேக்கறப்ப, தெரிஞ்சுக்கிட்டேதான் தலையாட்டிட்டுப் போனேன். சொல்லிட்டா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும், வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதி.

— சரி விடுங்க டீச்சர். சொன்ன வேலையைச் செஞ்சீங்க, உங்க மேல என்ன தப்பு? இப்பத்தான் ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சே. இனிமே எங்களுக்கும் குடுக்கலாம்ல?

— அதுலதாண்ணே மண்ணு விழுந்துச்சு. உதவி கிடைச்ச தெருவுலகூட சில கடையை மூடிட்டாங்க. உங்க தெருவுல ஒண்ணுகூட மூடல. சின்னக் கடைங்க உதவி இல்லாமலே தாக்குப்பிடிக்கும்னு எங்க பேராசிரியர் எழுதிட்டாரு. அதிகாரிங்க அதைப் படிச்சிட்டுத் திட்டத்தையே நிறுத்திட்டாங்க. இனி எந்த ஊர்லயும் எந்தக் கடைக்கும் கிடையாது.

— எங்களைப் பாத்தா நிறுத்தினாங்க?

— உங்களைப் பாத்துத்தான். நான் பேராசிரியர்கிட்ட சண்டை போட்டேன்ணே. கடை திறந்திருக்குன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தமில்ல சார், அவங்க முகத்தைப் பாருங்கன்னேன். முகத்தை எந்தக் கணக்குலம்மா சேக்கறதுன்னாரு.

— பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சிருக்கு, பாருங்க. நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

— நீ கொஞ்சம் சும்மா இரு.

— என்னக்கா சொன்னீங்க அப்பவே?

— அவ கிடக்கா டீச்சர். எனக்கு ஒரு சந்தேகம். நான் கடையை மூடியிருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க?

— மூடிட்டாருன்னு எழுதியிருப்பேன். உதவி கிடைக்காம மூடிட்டாருன்னு. இந்தத் தெருவுல நாலஞ்சு பேரு மூடியிருந்தாலே திட்டம் நின்னிருக்காதுண்ணே.

— மூடினா உதவி லிஸ்ட்லேர்ந்து பேரை வெட்டிடுவீங்கன்னுல்ல நினைச்சேன்.

— இல்லண்ணே. மூடினதும் ஒரு பதில்தான்.

— அந்த அறிக்கையை இப்ப மாத்த முடியுமா?

— யானை வாயில போன கரும்புண்ணே. என் கையில ஒண்ணுமே இல்ல. ஏண்ணே வாசலையே எட்டி எட்டிப் பாக்கறீங்க?

— ஏங்க, வாசல்ல வண்டி வந்து நிக்குது. மூட்டையை உள்ள இறக்கணும்னு அவன் முறைக்கிறான். இன்னும் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது?

— யாரோட மூட்டைக்கா?

— இந்த இடத்தை இப்ப வாடகைக்கு வச்சிருக்கிறவனோடது. சொல்லிடறேங்க, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? நாங்க கடையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு கண்ணு. இவரு இப்ப ஒரு அடுக்குமாடில வாட்ச்மேன். இன்னிக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்காரு.

— அக்கா, அப்ப எதிர்ல இருக்கிற செருப்புக் கடை? அந்த மிக்ஸி ரிப்பேர் கடை? நான் வர்றப்பல்லாம் திறந்துதானே இருந்துச்சு?

— வர்றதுக்கு முன்னாடி நீங்கதான் மரியாதையா எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுவீங்களே கண்ணு. மூடின கடைக்கு யாரு உதவி தருவாங்கன்னு, நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் இந்தத் தெருவே ஆளுக்கொரு சாவியைக் கெஞ்சி வாங்கிட்டு வந்து ஷட்டரைத் தூக்கும்.