தன்னா கேட்ட வேதபகுதி

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அருள்திரு டெ ரோய் போதகர் அவர்களே! அகராதியோடு எழுந்து அகராதியோடு உறங்கும் அருமை மூப்பர்களே! சபைக்கு வரும் தொப்பியையே விழாவுக்கும் அணிந்து வந்திருக்கும் தாய்மார்களே! வாயில் பெப்பர்மின்ட்டை அடக்கிக்கொண்டு, இந்த ஆர்கன்காரன் எப்போது முடிப்பான், காப்பி எப்போது வரும் என்று காத்திருக்கும் கடற்கரைத் தோழர்களே! அனைவருக்கும் இந்த மரீனஸின் மாலை வணக்கம்.

புதிய ஏற்பாட்டை மூலமொழியிலேயே படிக்கும் நம் கிரேக்க வாசிப்பு வட்டத்துக்கு இன்று பத்தாம் ஆண்டு நிறைவு. வாழ்த்துரை வழங்க என்னை அழைத்தீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் நெஞ்சில் வாழ்த்து இல்லையே, நான் என்ன செய்வேன்?

ஞாயிறுதோறும் உங்களுக்கு முதுகைக் காட்டி ஆர்கன் வாசிப்பவன் நான். ஆனாலும் என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதில் நீங்கள் எல்லோரும் தெரிவீர்கள். பிரசங்கத்தில் யார் தூங்குகிறார் என்பதும் தெரியும். சிரிக்காதீர்கள் லேன்டர்ட், உங்களைத்தான் சொல்கிறேன்!

இந்த வட்டத்தின் உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. வியாழன்தோறும் கூடினீர்கள். ஒவ்வொரு சொல்லாய் எடுத்து, அது எங்கெங்கே வருகிறது, எந்தக் காலத்தில் என்ன பொருளில் வந்தது என்று தேடினீர்கள். தோலில் எழுதிய தொல்பிரதிகளின் படங்களைத் திரையில் விரித்து, கண் வலிக்க வலிக்கப் படித்தீர்கள். தேடியது தவறா? இல்லை. தெளிந்தது தவறா? இல்லை. பிறகு எங்கே தவறினோம்?

என் மனைவியின் தங்கை தன்னாவை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் யார்? கணவன் கடலில் இருந்த காலத்தில் இன்னொருவனோடு வாழ்ந்தவள் என்று ஊர் முழுக்கச் சொன்னவர்கள் நீங்கள்தானே! தவறினாள், மறைக்கவில்லை. அழுதாள், மறுக்கவில்லை. சபை அவளுக்குத் திருவிருந்தின் அப்பத்தையும் பாத்திரத்தையும் நிறுத்தியது. நீங்கள் எல்லோரும் எழுந்து திருவிருந்து மேசைக்குப் போகும்போது, ஆண்டுக்கணக்கில், அவள் மட்டும் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தவன் நான். பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டதும் உண்டு.

கடைசியில் மூப்பர்கள் மனமிரங்கினார்கள். நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சேர்கிறவர் ஒரு வேதபகுதியைக் கேட்பார், போதகர் அதைச் சபைக்கு முன் வாசிப்பார், அதன்பின் மேசை. தன்னா கேட்டது, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய நிறுத்தியபோது, 'உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்' என்று ஆண்டவர் சொன்ன அந்தப் பகுதி.

வீட்டுச் சந்திப்புக்குப் போதகரும் மூப்பர் கிரைனும் வந்தார்கள். என் சமையலறையில்தான் பேச்சு.

"அத வாசிக்க முடியாதும்மா," என்றார் போதகர். "ரொம்பப் பழைய பிரதிகள்ல அது இல்லவே இல்ல. பழசுல இல்லாதத மேடையில வாசிக்கிறதில்லன்னு வட்டத்துல தீர்மானம் போட்டுட்டோம்."

"என் பைபிள்ல இருக்கே, ஐயா?"

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், நல்லாப் பாரு," என்றார் கிரைன். "ஒரு பிரதியில அந்த எடத்தக் காலியாவே விட்டிருக்கான் எழுதினவன். படம் இருக்கு, காட்டட்டா?"

காட்டினார், ஐயா! என் மனைவி வைத்த வெண்ணெய்க் கேக்கை ஒதுக்கிவிட்டு, அந்த வெற்றிடத்தின் படத்தை விரித்துக் காட்டினார்!

"ஐம்பத்தோராம் சங்கீதம் எடுத்துக்கோயேன். மன்னிப்புக் கேக்க அத விட என்ன வேணும்?" என்றார் போதகர்.

"அதுல பாவி மட்டும்தான் அழுவாரு. நான் அழுது முடிச்சாச்சு, ஐயா. இதுல கல்லு வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க. அவங்க காதுல விழணும்னுதான் இதக் கேக்குறேன்."

"நம்ம சபையில யாரு தன்னா கல்லு வெச்சிருக்கா?"

தன்னா கிரைனின் கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

என்ன கிரைன், நெளிகிறீர்கள்? நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. பழைய பிரதிகளில் அது இல்லை, மெய்தான். அந்த மெய்தான் என் நெஞ்சை அறுக்கிறது. பொய்யென்றால் எதிர்த்து நிற்கலாம். மெய்யை வைத்து ஒருத்தியை அடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? பின்னால் வந்த எவரோ ஒருவர் அந்தக் கதையைச் சேர்த்து எழுதினாரே, அவரால் ஏன் அது இல்லாமல் இருக்க முடியவில்லை? அதை எந்த வியாழக்கிழமை தேடினீர்கள்?

அந்த ஞாயிறு வந்தது. காணாமற்போன ஆட்டின் கதையை வாசித்தார் போதகர். எல்லாப் பிரதியிலும் இருக்கிற கதை! வாசித்து முடித்ததும் தன்னா எழுந்தாள். மேசைக்கு வரப்போகிறாள் என்று கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள்: "அவங்க படிச்சவங்க, அத்தான். எங்கிட்ட இருந்தது அந்த ஒரு கதைதான். அதுவும் இல்லன்னுட்டாங்க. இனி நான் எதச் சொல்லிக்கிட்டு உள்ள வருவேன்?"

இப்போது ரோட்டர்டாமில் இருக்கிறாள். எந்தச் சபைக்கும் போவதில்லை. என்ன அம்மா? திரும்பக் கூப்பிடலாமே என்கிறீர்களா? கூப்பிட்டேன் தாயே. கெஞ்சினேன். அக்காவின் குரலுக்கும் இரங்கவில்லை. அவள் வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இந்த மேடையில் நின்று உங்களுக்கு ஆறுதல் சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். அந்தக் கதையில், குற்றம் சாட்ட வந்தவர்கள், பெரியவர் தொடங்கி ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியில் அந்தப் பெண் மட்டும் ஆண்டவர் முன் நின்றாள். நம் ஆலயத்தில் யார் போனார்? மூப்பர் போனாரா? போதகர் போனாரா? இந்த ஆர்கன்காரன் போனானா? நாம் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவள்தான் போனாள்.

இதுவரை பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. காப்பி தயாராகிவிட்டது, போய்க் குடியுங்கள். வணக்கம்.