வாயில் முறுக்கு, கையில் காங்கோ

கையூம்: கைய காட்டு.

சைதூன்: எதுக்குண்ணே?

கையூம்: காட்டுன்னா காட்டு. ரெண்டு கையும். ...இது இன்னா, செவப்பா கோடு கோடா?

சைதூன்: அது... கோலம் போட்டேன்.

கையூம்: நம்ம வூட்ல யாரு கோலம் போடுறது?

சைதூன்: இங்க இல்ல. ஜெசிந்தா வூட்ல.

கையூம்: அவங்க கிறிஸ்மஸுக்குத்தான் கோலம் போடுவாங்க. அதுக்கு இன்னும் ஆறு மாசம் கீது. இன்னா ஜெசிந்தா?

ஜெசிந்தா: ஒத்திகைண்ணா.

கையூம்: கோலத்துக்கு ஒத்திகையா?

ஜெசிந்தா: பெரிய கோலம்...

கையூம்: தோ பாருங்க. நேத்து மாபலிபுரத்துல கல்யாணக் கச்சேரி. மைக் செட்டு நம்மளுது. மேடைக்குப் பின்னாடி கட்டின நீலத் திரையும் நம்மளுது. மூணாவது பாட்டு பாடசொல்லோ அந்தத் திரை வுழுந்திச்சி. குழு நடத்துற செங்கல்வராயன் காலையில செங்கல்பட்டே அதிர்ற மாதிரி கத்துறாரு. 'உன் கயிறு சரியில்லன்னா இனிமே உன் மைக் செட்டு வாணாம். எவனாவது இழுத்திருந்தா போலீசுல புடிச்சிக் குடுப்பேன்'னு. கச்சேரி பாக்கணும்னு அடம்புடிச்சி என் வேன்ல ஏறி வந்ததுங்க நீங்க ரெண்டு பேரும். கூடப் பொறந்தவன் கேக்குறேன். யாரு இழுத்தது?

சைதூன்: கடல்காத்துண்ணே.

ஜெசிந்தா: ஆமாண்ணா. பேய்க்காத்து.

சைதூன்: இல்ல, லேசான காத்துதான். ஆனா...

ஜெசிந்தா: ...லேசான பேய்க்காத்து.

கையூம்: பந்தல்ல கட்டின காயிதப்பூ ஒண்ணுகூட ஆடல. என் திரைய மட்டும் விசாரிச்சிகினு வந்துச்சா காத்து?

ஜெசிந்தா: சொல்லிடு சைதூன்.

சைதூன்: நீ வாய மூடு.

ஜெசிந்தா: நேத்துலேர்ந்து மூடிகினுதான் கீறேன். தாட வலிக்குது.

சைதூன்: சரி. நாங்கதான் இழுத்தோம். போதுமா?

கையூம்: எதுக்கு?

சைதூன்: அநியாயம்ணே!

கையூம்: என் திரையா?

சைதூன்: திரைக்கு அந்தாண்ட நடந்தது. மைக் வெக்கிறவன் நீ, உனக்குத் தெரியாதா? முன்னாடி வெள்ள பெல்பாட்டம் போட்டுகினு காங்கோ மேளத்து மேல கைய கைய வீசுறானே ஜானகிராமன், செங்கல்வராயனோட மச்சினன்... அவன் மேளத்துக்கு நீ மைக்கே வெக்கிறதில்ல. மைக்கு திரைக்குப் பின்னாடி. அங்க சோடா பொட்டி மேல ஒக்காந்துகினு ரெபேக்காள் அக்கா நெசமா வாசிக்கிறாங்க. மேளம் அவங்களுது, கைதட்டு இவனுக்கு.

கையூம்: இத உனக்கு யாரு சொன்னா?

சைதூன்: அவன் மூக்கு சொல்லிச்சி.

கையூம்: மூக்கா?

ஜெசிந்தா: சிங்கப்பெருமாள் கோயில் கச்சேரியிலண்ணா. பாட்டு நடுவுல அவனுக்குத் தும்மல் வந்திடிச்சி. கர்ச்சீப்ப எடுத்து ரெண்டு கையாலயும் மூக்கப் பொத்திகினான். மேளம் அது பாட்டுக்கு ஓடினே கீது!

சைதூன்: சனம் கை தட்டுது. மூக்காலயே வாசிக்கிறான்னு நெனச்சிக்கிச்சோ இன்னாவோ.

கையூம்: க்கும்... சிரிக்காதீங்க. இது சிரிக்கிற வெவகாரமா?

ஜெசிந்தா: நீங்கதாண்ணா சிரிச்சீங்க.

சைதூன்: எனக்குச் சிரிப்பு வரலண்ணே. ரெண்டு வருசமா அவந்தான் எனக்கு எல்லாம். வாசிச்சா இவன மாதிரி வாசிக்கணும்னு பிஸ்கட் டின்ன கவுத்து வெச்சிகினு அடிச்சிப் பாத்தேன். அவன் கண்ண மூடினா நானும் மூடினேன். அவன் தலைய சிலுப்பினா நானும் சிலுப்பினேன்.

ஜெசிந்தா: கழுத்து சுளுக்கிக்கிச்சி. பக்கத்துல ஒக்காந்திருக்கிற என்ன பாக்கவே முழு ஒடம்போட திரும்புவா.

சைதூன்: தாளம் மட்டும் வரவே இல்ல. எனக்கு அந்த ஞானமே இல்லன்னு அழுதுகினு இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சிது... அவன்கிட்ட இருந்ததே தலைய சிலுப்புறது ஒண்ணுதான். அத நான் சுத்தமா கத்துக்கினேன்.

கையூம்: சரி, பின்னாடி இருந்தது ரெபேக்காள்னு எப்பிடி கண்டுபுடிச்சீங்க?

ஜெசிந்தா: நான் அவங்ககிட்டதானே தையல் கத்துக்கிறேன்? மிஷின மிதிக்கசொல்லோ கேட்டா அதே தாளம்ணா. அவங்க ரவிக்க தைக்கிறாங்களா கச்சேரி பண்றாங்களான்னே தெரியாது. கையி வெச்ச எடமெல்லாம் சும்மா துள்ளும்.

கையூம்: பொம்பள மேளம் அடிச்சா கல்யாணக்காரங்க கூப்பிட மாட்டாங்கன்னுதான் செங்கல்வராயன் திரை கட்டச் சொல்றாரு.

சைதூன்: எந்தக் கல்யாணக்காரன் அப்பிடிச் சொன்னான்?

கையூம்: எவனும் சொல்லல. சொல்லுவாங்கன்னு இவரு சொல்றாரு.

சைதூன்: அதாண்ணே! அநியாயம்னா யாராவது யாரையாவது அடிப்பாங்க, திட்டுவாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். இங்க யாரும் யாரையும் திட்டல. நேத்து கச்சேரி ஆரம்பிக்கசொல்லோ பொண்ணோட அப்பா, சிலைப் பட்டற வெச்சிருக்காரே எல்லப்பன், அவரு வந்து ஜானகிராமன் கழுத்துல மாலை போட்டாரு. அவன் கும்புட்டான். எல்லாரும் சிரிச்ச மொகமா கீறாங்க. திரைக்குப் பின்னாடி அவங்க கொசு அடிச்சிகினு ஒக்காந்திருக்காங்க. அந்தச் சிரிப்பதான் என்னால தாங்க முடியல. நீயும் அதுக்குக் கூட்டுதான். மூணு வருசமா அவங்களுக்கு மைக் வெக்கிற. ஒரு வார்த்த கேட்டியா?

கையூம்: மைக் வெக்கிறவன் மைக்க பாத்தா போதும்.

சைதூன்: நல்லா பாத்த.

கையூம்: வாய் ரொம்ப நீளுது. எப்பிடி இழுத்தீங்க, அத சொல்லு. எந்தப் பக்கத்து கழி?

சைதூன்: கடல் பக்கத்து கழி. திரை கட்டின கயிற புடிச்சித் தொங்கினோம்.

ஜெசிந்தா: மொத பாட்டுலேர்ந்து தொங்கினு இருந்தோம்ணா! அசையவே இல்ல. உங்க முடிச்சி ஆனைய கட்டுற முடிச்சி. ரெண்டாவது பாட்டுல நான் வழுக்கி, குத்து வெளக்குக்கு வெச்சிருந்த எண்ணத் தூக்குல காலு வுட்டேன்.

சைதூன்: மூணாவது பாட்டுல அல்லா மேல பாரத்தப் போட்டு ஒரே இழு இழுத்தேன். இவளும் மாதாவே மாதாவேன்னு இழுத்தா.

ஜெசிந்தா: ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க போல. பொத்துன்னு வுழுந்திச்சி. எங்க தல மேலயே.

கையூம்: யாராவது பாத்தாங்களா?

சைதூன்: யாரு எங்கள பாக்குறது? எல்லாரும் அக்காவ பாக்குறாங்க. அவங்க வாயில முறுக்கு.

ஜெசிந்தா: பாதி வெளிய தொங்குது!

சைதூன்: பழைய சீல, காலு மேல காலு, வாயில முறுக்கு. மெல்றத நிறுத்திட்டாங்க. ஆனா கைய நிறுத்தலண்ணே! அந்தப் பக்கம் ஜானகிராமன் கைய மேல தூக்கினவன் அப்பிடியே சிலையா நின்னுட்டான். எல்லப்பன் பட்டறையிலகூட அப்பிடி ஒரு சிலை கெடையாது.

ஜெசிந்தா: பந்தல் வாசல்ல ஒக்காந்துகினு இருந்துச்சே ஒரு ஹிப்பி கூட்டம், அதுங்க எழுந்து ஆட ஆரம்பிச்சிடிச்சி. திரை வுழுறதும் கச்சேரியில ஒரு அம்சம்னு நெனச்சிடிச்சிங்க.

சைதூன்: அப்புறம் சனமே ஆடிச்சி. மாப்பிள்ளையோட தாய்மாமன் தலப்பாவ கழட்டி மேல வீசினாரு. எனக்கு அழுகையா வந்துச்சி. பாட்டு முடிஞ்சதும் ஓடிப்போயி அக்கா கால்ல வுழலாம்னு போனேன்...

கையூம்: போயி?

ஜெசிந்தா: நான் சொல்றேன். முறுக்கால அடிச்சாங்க.

கையூம்: யார?

ஜெசிந்தா: இவள. நெத்தியில.

சைதூன்: 'உன்ன யாருடி கேட்டா? நிம்மதியா தின்னுகினு, காலு நீட்டிகினு வாசிச்சேன். இப்ப இருக்கிற வேலையும் போச்சு'ன்னு திட்டினாங்க. நான் அவங்கள கேக்காமலே நியாயம் பண்ணிட்டேண்ணே. அவங்க நெனப்புல என் மூஞ்சி இப்ப எப்பிடி இருக்கும்? காலையிலேர்ந்து நாஸ்தா எறங்கல.

கையூம்: ஏழு இட்லி தின்னியே.

சைதூன்: துக்கத்துல தின்னேன். ...அண்ணே, நெசமா அவங்க வேல போயிடிச்சா?

கையூம்: செங்கல்வராயன் வூட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். அவரு 'அந்தப் பொம்பள இனிமே எங்க குழுவுல கெடையாது'ன்னு கத்தினு இருக்கசொல்லோ வாசல்ல ஒரு ஜீப்பு வந்து நின்னிச்சி. எறங்கினது மாப்பிள்ளையோட தாய்மாமன்.

ஜெசிந்தா: தலப்பா வீசினவரா?

கையூம்: அவரேதான். அவரு பொண்ணுக்கு அடுத்த மாசம் சிங்கப்பெருமாள் கோயில்ல கல்யாணமாம். 'அந்த முறுக்கு அம்மா கண்டிப்பா வரணும். முன்னாடி ஒக்காரணும். இல்லன்னா வேற குழுவ பாக்குறோம்'னுட்டாரு.

சைதூன்: செங்கல்வராயன் இன்னா சொன்னாரு?

கையூம்: 'அந்தம்மாவ முன்னாடி வெக்கணும்னுதாங்க நான் தலையால தண்ணி குடிச்சிகினு இருந்தேன்'னாரு. கண்ணு சிமிட்டல.

ஜெசிந்தா: ஐயோ!

சைதூன்: அப்ப ஜானகிராமன்?

கையூம்: குலுக்குற கிலுகிலுப்ப ஒண்ணு வாங்கித் தராங்களாம். மைக் இல்லாம.

சைதூன்: ரெபேக்காள் அக்காகிட்ட யாராவது சொன்னீங்களா?

கையூம்: வர்ற வழியில நாந்தான் போயி சொன்னேன். மிஷின மிதிச்சிகினே கேட்டாங்க. மிதிக்கிற தாளம் மாறிச்சி. அப்புறம், 'எங்கிட்ட முறுக்கால அடி வாங்கினவள வரச் சொல்லுங்க. டின்ன எடுத்துகினு வரட்டும், தல சிலுப்பாம கத்துத் தரேன்'னாங்க.

சைதூன்: அண்ணே! நெசமாவா? அல்லா மேல சொல்லு!

கையூம்: சொன்னாங்க, சொன்னாங்க. கைய வுடு. ஆனா ஒண்ணு. செங்கல்வராயன் கேட்டா கடல்காத்துதான் தள்ளிச்சின்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். புரியுதா?

ஜெசிந்தா: லேசானதா, பேயா?

கையூம்: வெறும் காத்து!

சைதூன்: இரு... இருண்ணே. மூணு பேரா? நீ எதுக்கு சொல்லணும்?

கையூம்: மைக் செட்டு என்னுது இல்லியா?

சைதூன்: அதில்ல. காலையில வேன்லேர்ந்து கழியையும் கயிறையும் எறக்கினது நானு. கடல் பக்கத்து முடிச்சி அப்பிடியே கழியோட கீது. அவுழவே இல்ல. அப்ப நாங்க இழுத்து வுழல...

ஜெசிந்தா: அப்ப அல்லாவும் மாதாவும் வரவே இல்லியா?

சைதூன்: அவுந்தது அடுத்த பக்கத்து முடிச்சி. ஆம்ப்ளிஃபயர் இருந்த பக்கம். அந்தப் பக்கம் யாருண்ணே இருந்தது?

கையூம்: ஆம்ப்ளிஃபயர்.

சைதூன்: ஆம்ப்ளிஃபயர்கிட்ட?

கையூம்: நான் டீ குடிக்கப் போயிருந்தேன்...

சைதூன்: உனக்கு டீயே ஆவாதே.

ஜெசிந்தா: கையூம் அண்ணா, உங்க கைய கொஞ்சம் காட்டுங்க.

கையூம்: ரெண்டு கழிக்கும் ஒரே கயிறுடி, அறிவு கெட்டதுங்களா! நான் இந்தாண்ட முடிச்ச தளத்த தளத்த, நீங்க அந்தாண்ட தொங்கித் தொங்கி அத இறுக்கிகினே கீறீங்க. நீங்க மட்டும் சொம்மா ஒக்காந்திருந்தா மொத பாட்டுலயே வுழுந்திருக்கும்!