கயிறு விழுந்த இடம்

கொஞ்சம் பொறுங்க தம்பி, அந்த முளைய அடிச்சிராதீங்க. அடிக்கலாம், நான் ஒண்ணும் மறிக்க வரல. முதல்ல அந்தக் கோடி வரைக்கும் ஒரு நடை வந்து பாருங்க. வரக்கூடாதா? சரி, இங்கருந்தே பாருங்க, தெரியுதுல்ல. கெழக்கு வரப்பு வரைக்கும் எங்க மக்காச்சோளம் முட்டி உசரம்கூட ஏறல. கதிரை உரிச்சா பல்லு போன வாய் மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணா மணி. இந்த மேட்டுக்காட்டுல யார் நெலத்துல போய் நின்னாலும் இதே கதைதான்.

ஆமா, செல்போன் காட்டுற இடம்தான் இடம், உங்க இஷ்டத்துக்கு நகத்த முடியாது. புரியுது. கயித்தக் கட்டி, கயித்துக்குள்ள நிக்கிறத அறுத்து, எடை போட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்கு அனுப்புவீங்க. அதுதான் ஊரு வெளைச்சல். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். கணக்கு சரிதான், நான் குத்தம் சொல்லல. ஆனா பானை முழுக்கக் கருகிக் கெடக்கு, உங்க வெரல்ல ஏறினது கருகாத ஒத்தச் சோறு. அதுக்கு என்ன வழி வச்சிருக்காங்க?

நீங்க இப்படிக் கயிறு கட்டி அறுக்குற மத்த கட்டம் எல்லாம் ஆத்துப் பக்கம்னு சொன்னாங்க. அங்க தண்ணிக்கு என்ன குறை. மேட்டுக்காட்டுக்கு இது ஒண்ணுதான். இதுவும் நல்லா வெளைஞ்சிருக்குன்னு போச்சுன்னா பயிர் இன்சூரன்ஸ் ஒருத்தருக்கும் வராது, அப்படித்தானே. ஆமாங்கிறீங்க. நீங்களும் என்ன செய்வீங்க, பாவம்.

வரப்புல நிக்கிறவங்களப் பாக்காதீங்க. சண்டைக்கெல்லாம் வர மாட்டாங்க. அந்தக் கடைசியில முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறது என் நாத்தனாரு. அவ காட்டுல சோளம் கதிரே வாங்கல. இந்தப் பணம் வந்தாத்தான் அவளுக்கு அடுத்த வெதைப்பு. உங்க செல்போன் இந்த மூலையக் காட்டுனதுலருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நல்லா நாலு வார்த்தை திட்டிட்டாக்கூடத் தேவல.

என்ன கேட்டீங்க? இந்த மூலை மட்டும் எப்படிப் பச்சையா நிக்குதுன்னா? பள்ளம் தம்பி. மழைத்தண்ணி வந்து தேங்கும். எங்க மழைன்னு பாக்குறீங்க. பாப்பீங்கதான். மழை பேஞ்சிருந்தா நான் ஏன் உங்ககிட்ட இப்படி மல்லுக்கட்டுறேன்.

சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்.

எந்தக் காடுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டீங்க. காட்டுல எந்த இடம்னு சொல்லல. ஆபீசர் நம்ம காட்டுக்கு வர்றாராம்னு கேட்டதுலருந்து எங்க வீட்டுக்காரர் ஒரு நிலையில இல்ல. வண்டியிலருந்து விழுந்து இடுப்பு போன மனுசன். குனிஞ்சு செருப்பு மாட்டணும்னாலும் நான் வரணும். அவரு அடிபம்புலருந்து குடத்துல தண்ணி எடுத்து எடுத்து இந்த மூலைக்கு மட்டும் ஊத்தினாரு. குடிக்க வச்சிருந்த தண்ணியவும் ஊத்தினாரு. உங்களுக்கு என்ன கிறுக்கான்னு கேட்டேன். ஆபீசர் ரோட்டுலருந்து எறங்கினா கண்ணுல முதல்ல படுறது இந்த மூலைதான்டி, இதுவும் காஞ்சு கெடந்தா வெள்ளாமை பண்ணத் தெரியாத சோம்பேறின்னு நெனைச்சிற மாட்டாரான்னாரு. விருந்தாளி வந்தா வாசலையாவது கூட்டி வைக்கிறதில்லையான்னாரு. நீங்க வந்து காட்டைப் பூராவும் சுத்திப் பாத்து எழுதிக்கிட்டுப் போவீங்கன்னு நெனைச்சிருக்காரு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ரெண்டு நாள் நானே குடம் தூக்கிக் குடுத்தேன்.

இதெல்லாம் செல்போன்ல போட இடம் இருக்காது. தெரியும்.

அதோ, வீட்டு வாசல்ல நிக்கிறாரு பாருங்க. அந்த வெள்ளைச் சட்டைய உங்களுக்காகத்தான் போட்டுருக்காரு. கயிறு எங்க விழுந்திருக்குன்னு அங்கருந்து அவருக்குக் கண்ணு தெரியாது. சரி, முளைய அடிங்க. இந்தப் பக்கம் கயித்த நான் புடிச்சுக்கிறேன். போகும்போது உங்களக் கூப்புடுவாரு, பயிர் எப்படிங்க இருக்குன்னு கேப்பாரு. நல்லா வெளைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி. மத்தத ஊரு அவருகிட்ட சொல்லிக்கும்.