பூங்காவனம் தூங்கின கூத்து

செய்யாத்துல வருஷம் பூரா தண்ணி ஓடின காலம் அது. ஆத்துக்குத் தெக்கால காட்டுநெல்லின்னு ஒரு ஊரு. ஊருன்னா ஐநூறு தலக்கட்டுன்னு நெனச்சுக்காதீங்க, அறுவது கூரை, ஒரு ஏரி, ஒரு அம்மன் கோயிலு, அவ்வளவுதான். ஆனா பங்குனி மாசம் பாரதக் கூத்து வெச்சா சுத்துப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கினு வந்துடுமாம்.

வர்றதுக்குக் காரணம் தாண்டவராயன். கூத்து வாத்தியாரு. ஆளு பனமரம் ஒசரம். கர்ணன் வேஷம்னா அவருதான். அவரு கிரீடம் வெச்சுக்கினு திரைக்கு வெளிய ஒரு காலை வெச்சா, அழுவுற கைக்கொழந்தகூட அழுகைய நிறுத்துமாம். நிறுத்துச்சோ இல்லையோ, பெரியவங்க அப்படித்தான் சொன்னாங்க, அதுல நாம கொறைக்கக் கூடாது.

எல்லாம் நல்ல கொணம். ஒண்ணே ஒண்ணுதான் பொல்லாத கொணம். கூத்துல எவனாச்சும் தூங்கினா அவருக்குப் பொறுக்காது. ரெண்டு ஊருல அப்படி ஆயிருக்குதாம். பாதிப் பாட்டுல பாட்டை நிறுத்திட்டு, நேரா போயி, கிரீடத்தைக் கழட்டித் தூங்கினவன் மடியில வெச்சிட்டு, "நீயே ஆடுறா"ன்னு சொல்லிட்டு ஊருக்கு நடையைக் கட்டிட்டாராம். கூத்து பாதியில நின்னா ஊருக்கு ஆவாது. கர்ணன் சாவாம கூத்துக் களரி கலைஞ்சா அந்த வருஷம் வெள்ளாமை வீடு வந்து சேராதுன்னு ஒரு பயம். அதனால சனங்க மொளகாயைக் கடிச்சிக்கினு ஒக்காந்திருக்குமாம். போதாக்கொறைக்கி மண்ணாங்கட்டின்னு ஒரு கட்டியக்காரன். சிரிக்க வைக்கிற வேலையும் அவன்தான், தூங்கறவனைக் கண்டுபுடிக்கிற வேலையும் அவன்தான். தலை சாஞ்சவன் வேட்டியப் பக்கத்துல இருக்கறவன் வேட்டியோட முடிச்சுப் போட்டுட்டு, "எழுந்திரிங்கடா மாப்ளைங்களா, தாலி கட்ட நேரமாச்சு"ன்னு கத்துவானாம். தாண்டவராயன் கூத்துல பூனைகூட தூங்காதுன்னு பேரு.

அதே ஊருல பூங்காவனம்னு ஒருத்தி. புருஷன் வேடியப்பன், ஏர் ஓட்டறவன். ஒரே புள்ள, நடேசன், ஆறு வயசு. ஒரு வருஷம் மார்கழியில ஆத்துல திடீர்னு வெள்ளம் வந்துச்சாம். கரையில வெளையாடிக்கினு இருந்த புள்ளைய இழுத்துக்கினு போயிடுச்சு. மூணு நாளு தேடினாங்க, அஞ்சு நாளு தேடினாங்க. ஒடம்பு கெடைக்கல.

ஒடம்பு கெடைக்காததுதான் வெனையாப் போச்சு. அவ அழுவல. எம்புள்ள எங்கியோ கரையேறி இருப்பான், வழி தெரியாம சுத்துறான், வந்துடுவான்னு சொல்லிக்கினு வாசல்ல வெளக்கை வெச்சுக்கினு ஒக்காந்துட்டாளாம். பகல்ல ஆத்தங்கரையில நடப்பா, ராத்திரி வாசல்ல ஒக்காருவா. கண்ணு சொருவும், தலை சாயும், திடுக்குனு முழிச்சிக்குவா. நான் தூங்கற நேரம் பாத்து வந்து கதவைத் தட்டினான்னா இன்னா பண்றதுன்னு கேப்பாளாம். இனிமே வரமாட்டான்டின்னு ஊரு பொம்பளைங்க சொன்னா, "நீங்கல்லாம் படுத்துத் தூங்கிட்டீங்க. வந்தானா வரலியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு திருப்பிக் கேப்பாளாம்.

இப்படி ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு இல்ல, எம்பது நாளு. கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு. சோறு எறங்கல. நாடி புடிச்ச வைத்தியரு வேடியப்பனைத் தனியாக் கூட்டிக்கினு போயி, தூங்கினா பொழைப்பா, இல்லன்னா இன்னும் பத்து நாளுதான்னு சொல்லிட்டாராம். கஷாயம் குடுத்தாங்க, மந்திரிச்சாங்க, தலைக்கி எண்ணெய் வெச்சாங்க. ஒண்ணும் ஆவல.

பங்குனி வந்துச்சு. கர்ண மோட்சம் கூத்து. அவ வீட்டு வாசலுக்கு எதுத்தாப்புலதான் களரி மேடு. அன்னைக்கி அவளும் மேட்டுல வந்து ஒக்காந்தா. பக்கத்துல ஒக்காந்திருந்தவளைப் பாத்து, விடியற வரைக்கும் எல்லாரும் முழிச்சிதான இருப்பீங்கன்னு கேட்டாளாம். தாண்டவராயன் கூத்துல எவ தூங்குவா, ஐநூறு சோடி கண்ணும் முழிச்சிதான் இருக்கும்னு அவ சொல்லியிருக்கா. அப்படின்னா எம்புள்ள வந்தா யாராச்சும் பாத்துடுவீங்க, இல்லியான்னு பூங்காவனம் ஒரு வார்த்தை கேட்டாளாம். பாத்துடுவோம்னாளாம் பக்கத்துல இருந்தவ.

ரெண்டாஞ் சாமம். தீவட்டி எரியுது. மத்தளம் பொரியுது. கர்ணன் தேருல ஏறி நிக்கிறான். தாண்டவராயன் குரலு ஏறிக்கினே போவுது. பாடிக்கினே ஒரு சுத்து சுத்தித் திரும்பினவரு பாத்தாரு. மொதல் வரிசையில ஒரு பொம்பளை, தரையில சுருண்டு, கைய தலைக்கி வெச்சிக்கினு, வாயத் தொறந்து தூங்குறா.

பாட்டு நின்னுச்சு. கைய ஒசத்தினாரு, மத்தளமும் நின்னுச்சு. இந்த வருஷம் வெள்ளாமை போச்சுன்னு சனங்க நெனச்சாங்களாம். தாண்டவராயன் சலங்கை சத்தத்தோட நேரா அவகிட்ட நடந்தாரு. கிரீடத்துல கைய வெச்சாரு.

அப்பதான் வேடியப்பன் ஓடியாந்து அவரு காலைக் கட்டிக்கினான். சத்தமாப் பேசக்கூட பயம் அவனுக்கு, குசுகுசுன்னுதான் சொன்னானாம்.

"எழுப்பிடாதீங்க வாத்தியாரே. எம்பது நாளா தூங்கல. புள்ள வருவான்னு காவல் காத்துக்கினு இருந்தா. உங்க கூத்துல ஊரே முழிச்சிருக்கும், வந்தா யாராச்சும் பாப்பாங்கன்னு நம்பித்தான் கண்ணை மூடியிருக்கா."

தாண்டவராயன் குனிஞ்சு பாத்தாரு. மத்தளம் நின்னு போச்சு பாருங்க, அந்த அமைதியில தூங்கறவ புருவம் நெளியுது. கை தரையைத் துழாவுது. ஊரு தூங்கிடுச்சோன்னு அவ தூக்கத்துக்குள்ளயே பயப்படறா. அவருக்கு அது புரிஞ்சிபோச்சு.

எத்தினி ஜமீனு பொன்னாடை போத்தியிருக்கும் அந்த மனுஷனுக்கு. எத்தினி ஊரு மேளதாளத்தோட கூட்டிக்கினு போயிருக்கும். தூக்கத்தை அவமானம்னு நெனச்சுக்கினு இருந்தவருக்கு, இந்த மாதிரி ஒரு மரியாதையை எவனும் செஞ்சதில்லன்னு அப்பத்தான் தோணுச்சாம். மரக்கிரீடத்தோட அப்படியே நின்னு அழுதுட்டாருன்னு சொல்லுவாங்க. அப்புறம் மத்தளக்காரரைப் பாத்துத் தலையாட்டினாரு. மத்தளம் திரும்பப் பொரிஞ்சுது. அவ கை துழாவறத நிறுத்திட்டு மறுபடி சுருண்டுக்கினா.

கூத்து நடக்குது, நடக்குது, கெழக்கு வெளுத்துடுச்சு. கர்ணன் சாவணும். விடியறப்ப கர்ணன் விழுந்தாத்தான் மங்களம் பாடி முடிக்கலாம். கத உங்களுக்குத் தெரியும். கர்ணனோட தருமம் அவனைக் காக்குது, அர்ச்சுனன் விட்ட அம்பெல்லாம் பூவா மாறிப் போவுது. கிருஷ்ணரு கெழவன் வேஷத்துல வந்து, அந்தப் புண்ணியத்தைத் தானமா வாங்கினாத்தான் கர்ணனுக்குச் சாவு. தாண்டவராயன் இன்னா செஞ்சாரு தெரியுமா? திரைக்குப் பின்னால போயி, கிருஷ்ணன் வேஷக்காரனை ஒக்கார வெச்சிட்டாரு. நான் சொல்ற வரைக்கும் நீ வெளிய தலையக் காட்டாதேன்னுட்டாரு.

பொழுது ஏறிடுச்சு. அர்ச்சுனன் அம்பு விடறான், கர்ணன் பூவா வாங்கிக்கிறான். திரும்ப விடறான், திரும்ப வாங்கிக்கிறான். அர்ச்சுனன் வேஷக்காரனுக்குக் கை ஓய்ஞ்சுது. ஆடிக்கினே கிட்ட வந்து, வாத்தியாரே வெயில் ஏறுது, சாவுங்களேன்னு கெஞ்சினானாம். அவ முழிக்காம நான் சாவமாட்டேன், நீ பாட்டுக்கு விடுன்னாராம் இவரு.

விஷயம் காதுக்குக் காது பரவிடுச்சு, சனங்க ஒருத்தரும் எழுந்திரிக்கல. மாடுங்க கொட்டாயில கத்துது, பால் கறக்க ஆளு போவல. அடுப்பு பத்த வெக்கல. வெளியூரு வண்டிங்க அப்படியே நிக்குது. ஐநூறு சோடி கண்ணுன்னு ஒருத்தி வாக்குக் குடுத்துட்டா, அதுல ஒரு சோடி கொறையக் கூடாதுன்னு ஒக்காந்திருந்தாங்களாம். மண்ணாங்கட்டி சும்மா இருப்பானா? தூங்கி விழறவன் காதுகிட்ட போயி, இன்னைக்கி நீ எனக்காக முழிக்க வேணாம், அந்தத் தாயிக்காக முழிச்சிருடான்னு சொல்லி எழுப்பினானாம். ஒரு கெழவி கஞ்சி கொண்டாந்து, ஆடற கர்ணன் வாயில ஊத்தினாளாம். அரிதாரம் வேர்வையில வழியுது, கஞ்சியும் வழியுது. யாரும் சிரிக்கல.

படிச்ச பாட்டெல்லாம் தீந்துபோச்சு. தாண்டவராயன் புதுசாக் கட்டிப் பாடினாராம். கர்ணன் குடுத்த தானத்தையெல்லாம் ஒண்ணு ஒண்ணாச் சொல்லிப் பாடினாரு. தானம் தீர்ற வரைக்கும் சாவு இல்ல பாருங்க, அதனால குடுத்துக்கினே இருந்தாரு. ஆடு குடுத்தாரு, மாடு குடுத்தாரு, ஏரி குடுத்தாரு, மழை குடுத்தாரு. மத்தளக்காரரு வெரலு வெடிச்சு ரத்தம் வந்துச்சு, துணியச் சுத்திக்கினு அடிச்சாரு. குந்தி வேஷம் போட்ட ஆளுக்கு பின்பாட்டு பாடிப் பாடித் தொண்டை கட்டிக் காத்துதான் வருது. நடந்தது மனுஷங்களால ஆவற காரியமே இல்ல. அம்மனே களரியில எறங்கி நின்னான்னு சொல்றவங்க உண்டு. இல்லன்னு சொல்ல நான் யாரு?

உச்சிப்பொழுது. பூங்காவனம் கண்ணு முழிச்சா.

மொதல்ல அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. எழுந்து ஒக்காந்தா. சுத்தும் முத்தும் பாத்தா. ஊரே ஒக்காந்திருக்குது. அத்தினி கண்ணும் செவசெவன்னு கோவைப்பழமாட்டம் இருக்குது. ஒரு கண்ணு மூடல.

"வந்தானா?"ன்னு கேட்டா.

வேடியப்பன் மூஞ்சியத் திருப்பிக்கினான். தாண்டவராயன்தான் வந்தாரு. கிரீடம், தோள்ல கட்டின புஜக்கட்டை எல்லாத்தோடவும் அவ முன்னால குந்தினாரு.

"வரலம்மா. ஊரே கண்ணு மூடாம பாத்துச்சு. ராத்திரி பாத்துச்சு, பகல்லயும் பாத்துச்சு. உம்புள்ள வரல. இனிமே வரமாட்டான்."

அவ திரும்ப ஒருவாட்டி அந்தக் கண்ணுங்களைப் பாத்தா. எம்பது நாளா நம்பாதவ அப்ப நம்பினா.

தாண்டவராயன் எழுந்தாரு. கிருஷ்ணனை வரச் சொன்னாரு. புண்ணியம் பூராத்தையும் தானம் குடுத்தாரு. அர்ச்சுனன் கடைசி அம்பு விட்டான். பனமரம் சாயறாப்புல மனுஷன் சாஞ்சாரு. இப்ப குந்தி ஓடியாந்து, மகனை மடியில போட்டுக்கினு அழுவணும். குந்தி வேஷக்காரன் ஓடியாந்தான், வாயத் தொறந்தான். சத்தம் வரல. தொண்டையில காத்துதான் வருது. களரி திகைச்சு நிக்குது.

அப்ப பூங்காவனம் எழுந்தாளாம். நடந்து போனா. கர்ணன் தலையத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கினா.

"ஆத்துத் தண்ணி கொண்டு போச்சே, என் ஐயா
ஆத்தா மடி இப்பத்தான் கண்டியோ"

கர்ணனும் ஆத்துல போன புள்ளைதானே. குந்தி பெட்டியில வெச்சு விட்ட புள்ளைதானே. அவ எந்தப் புள்ளைக்கு அழுதான்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியல. எம்பது நாளு தேங்கின அழுகை ஒரே வீச்சுல வந்துச்சு. ஊரே மாருல அடிச்சிக்கினு அழுதுச்சாம். தாண்டவராயன் செத்தவராட்டம் கெடந்தாரு, மூடின கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கினே இருந்துச்சாம். அவ அழுது முடிச்சப்புறம்தான் மங்களம் பாடினாங்க. அன்னைக்கி அவ வீட்டு வாசல்ல வெளக்கு வெக்கல. உள்ள வெச்சா.

அப்புறம் பூங்காவனம் பொழைச்சா, ரெண்டு பொண்ணு பெத்தா, பேரன் பேத்தி பாத்துட்டுத்தான் போனா. நாங்கல்லாம் அவ வயித்து வழிதான்.

அன்னையிலேருந்து எங்க ஊருக்கு ஒரு வழக்கம். கூத்துல தூங்கறவனை யாரும் எழுப்பக்கூடாது. அர்ச்சுனன் கடைசி அம்பைப் பூட்டறதுக்கு முந்தி வில்லைக் கீழ எறக்கிட்டு, யாராச்சும் தூங்குறீங்களான்னு கேக்கணும். ஒருத்தர் தூங்கினாலும் கர்ணன் நிக்கணும், ஊரும் ஒக்காந்திருக்கணும். வெளியூரு கூத்துக்காரங்க, காட்டுநெல்லிக் கர்ணனுக்கு ஆயுசு ஜாஸ்தின்னு சலிச்சுக்குவாங்க. சலிச்சாலும் நிப்பாங்க. அந்த மேட்டுக்குப் பேரே தூங்கினவ மேடுதான். இன்னொண்ணு, எங்க ஊருல கர்ணன் விழுந்தா குந்தி வேஷக்காரன் அழுவமாட்டான், ஒதுங்கி நின்னுக்குவான். புள்ளைய வாரிக் குடுத்த பொம்பளை ஒருத்தி கூட்டத்துலேருந்து எழுந்து போவணும். யாரு போவணும்னு யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல.

போன பங்குனியில எழுந்தது என் தங்கச்சி. அவளுக்கு அந்தப் பாட்டை யாரும் கத்துக் குடுக்கல. அழுது முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, மறுநாளு பொழுது ஏறற வரைக்கும் தூங்கினா. நாங்க எல்லாரும் முழிச்சிருந்தோம்.