ஒரு கரண்டி புளியோதரை

விருந்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் தன் பாத்திரத்தின் பக்கத்தில் நிற்கக்கூடாது சார். மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்றால், என்னுடையதைச் சாப்பிடு என்று கையைப் பிடித்து இழுப்பது மாதிரி. இந்த நாகரிகமெல்லாம் இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் அடையாறு குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். ஆரம்பித்து வைத்தவன் இந்தக் கோதண்டபாணிதான். மனைவி போன பிறகு தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. என் பங்கு எப்போதும் புளியோதரை, வறுத்த வேர்க்கடலை தாராளமாகப் போட்டு. எல்லாவற்றிலும் ஒரு கரண்டியாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நான் வைத்த வழக்கம். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாம் மாடிக்குக் குடிவந்த அன்புக்கரசி அதைக் கெடுத்தாள். பெருங்குடியில் வேலை பார்க்கிற பெண். “அங்கிள், எனக்குக் கடலை ஆகாது. துளி பட்டாலே தொண்டை அடைச்சுக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள். அதோடு விட்டாளா? ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு வைக்கச் சொன்னாள். எதிர்வீட்டு ஷம்ஷாத் முதல் ஆளாகத் தன் பிரியாணிக்கு எழுதி வைத்தாள். பிறகு எல்லாரும். மேஜை மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் ஒவ்வொரு முறையும் என் பாத்திரத்தைத் தாண்டிப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தாண்டுவதாக எனக்குப் பட்டது. மீந்ததை வீட்டுக்குத் தூக்கிவந்து மறுநாளும் நான் ஒருவனாகவே தின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மல்லி, மிளகாயோடு சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்தேன். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சீட்டில் ‘கடலை இல்லை’ என்று எழுதினேன். அன்று மட்டும் பாத்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன்.

“நெஜமாவே எனக்காகவா அங்கிள்?” என்றாள்.

“ஆமாம்மா.”

முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. புருஷன் பிரபுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்றுக்கு இரண்டு கரண்டியாக வாங்கிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். உதடு வீங்கியது. பேச்சு வரவில்லை. பிரபு அவளைத் தாங்கிப் பிடித்தபடி சாவியை என்னிடம் எறிந்தான். “அங்கிள், கட்டில் பக்கத்துல பை கீது. அதுல இதுக்குன்னு வச்சிருக்கிற ஊசி கீது. சீக்கிரம் எடுத்துகினு வாங்க” என்றான்.

ஒரு மாடிதான் கீழே. பை கண்முன்னாலேயே இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டத்தான் கடலை கலந்தேன் என்றால், நீங்கள் நம்பக்கூடும். ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கட்டிலில் உட்கார்ந்தேன். மேலே ஷம்ஷாத்தின் அழுகை கேட்ட பிறகுதான் எழுந்தேன். படியேறினால் மூச்சு வாங்குகிற வயது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

அன்று காலை பிரபு வெளியே கடலை மிட்டாய் தின்றானாம். கை சரியாகக் கழுவாமல் அவளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொள்கிறான். நான் மறுத்துப் பேசவில்லை. நேற்று அதையே இங்கே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தானாமே. கிழித்துப் போடுங்கள் சார். சமைத்தவன் நான். கலந்தவன் நான். ஊசியைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுபோக வேண்டும். மூன்று வேளையும் நான்தான் கொண்டுபோகிறேன். பிரபுவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதில் என்ன போட்டிருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தப் பெண்ணும் அப்படி இருந்திருந்தால், மூன்று பேருமாகச் சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம்.